எரியாத கண்

1

இந்தக் கதை என் கண் எரிச்சலில் பிறந்தது. திரையையே பார்த்துப் பார்த்துக் கண் சிவந்துபோய், இமைமேல் நந்தியாவட்டைப் பூக்களை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். சும்மா படுக்கத் தெரிந்தால் நான் ஏன் எழுத வருகிறேன்?

முதல் வரி: ‘அவள் கண்களில் ஒரு கடல்…’

(அடித்தாயிற்று. கண் என்றதும் கடலை இழுத்து வருவது என் கெட்ட பழக்கம்.)

2

அவள் கலரிஸ்ட். எடுத்து முடித்த சினிமாவுக்கு இருட்டறையில் உட்கார்ந்து, காட்சி காட்சியாக நிறம் திருத்துவது வேலை. கண்தான் சோறு போடுகிறது. அதில் இடது கண் காந்த ஆரம்பித்தது. கணவன் வெள்ளரிக்காயை நறுக்கி நீட்டினான். அண்ணி, தொட்டியில் பூத்த நந்தியாவட்டையோடு வந்துவிட்டாள்.

“பூவ வச்சுத் துணியால கட்டிக்கோ. குளுகுளுன்னு இருக்கும்.”

“வேலை இருக்கே அண்ணி?”

“இன்னொரு கண்ணு எதுக்கு இருக்கு?”

(அண்ணியைக் கெட்டவளாக்கப் பார்த்தேன். பூவை அவ்வளவு பதமாகக் கழுவுகிறவளை என்ன செய்வது?)

3

அப்படியே கட்டிக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் பார்த்து முழுப் படத்தையும் முடித்தாள். எரிச்சல் போனது. கட்டை அவிழ்த்து இடது கண்ணால் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரையில் எல்லா முகமும் செக்கச்செவேலென்று இருந்தது. வலது கண்ணுக்குச் சிவப்பு மங்கித் தெரிந்திருக்கிறது. அவளும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் டைரக்டர் குதித்தார்.

“இப்படி ஒரு சிவப்ப எவனும் காட்டினதில்லம்மா! அடுத்த படமும் நீதான்.”

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. (எனக்கும்.)

4

முடிவு, முதல் முயற்சி: கண் டாக்டரிடம் போகிறாள். டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு,

(இதற்குமேல் கை ஓடவில்லை. அவர் என்ன சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது.)

இரண்டாம் முயற்சி: அண்ணியிடம் போகிறாள்.

“எரிஞ்ச கண்ணு சரியாயிடுச்சு அண்ணி. எரியாத கண்ணுக்கு என்ன பூ வைக்கணும்?”

அண்ணி பூத்தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “நாளைக்கே டாக்டர்கிட்ட போகலாம், நானும் வரேன்” என்றாள். போனால் அவள் தொழில் போகலாம். போகாவிட்டால் கண்ணே போகலாம்.

5

இனி உங்கள் பாடு. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி இந்தப் பக்கத்தின் வெள்ளையைப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டும் ஒரே வெள்ளையாக இருந்தால், அவளை நிம்மதியாக டாக்டரிடம் கூட்டிப்போகிற முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இல்லையென்றால் கதையை மூடிவிட்டு டாக்டரிடம் போக எழுந்திருங்கள். நானும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.