எச்சரிக்கை மாமாவுக்கு வறுத்த கோழி

சொந்தக்காரர் வீட்டில் எந்தப் பிள்ளையாவது பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, "நான் வரலாறு படிக்கப் போறேன்", "இலக்கியம் படிக்கப் போறேன்" என்று வாயைத் திறந்தால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தத்துவம் படித்த அந்த மாமாவுக்குச் சாப்பாட்டு அழைப்பு வந்துவிடும். பாசமாவது மண்ணாவது! பிள்ளைக்கு எதிரில் அவனை உட்கார வைத்து, "பாத்துக்கோ, தத்துவம் படிச்சவன் கதியை" என்று காட்டத்தான். குடும்பத்தில் அவனுக்குப் பேரே எச்சரிக்கை மாமா.

அவனுக்கு அதில் வெட்கம் கிட்கம் ஒன்றும் கிடையாது. வறுத்த கோழி கிடைக்கிறதே. கடன் வாங்கித் தத்துவம் படித்தவனுக்கு இப்போது லிஃப்ட் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே பொத்தானை அழுத்தினால் இவன் காதில் கத்துவார்கள். மெக்கானிக் வந்து சேரும் வரை பேசியே அவர்களைச் சமாளிக்க வேண்டும். "கதவை உதைக்காதீங்க சார். அப்படியே கீழே உட்காருங்க. வீட்டுல பசங்க எத்தனை பேர்?" சம்பளம் வந்த அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கைக் கடன் தவணை விழுங்கிவிடும். மிச்சம் வாடகைக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போய்விடும்.

இந்த ஞாயிறு கூப்பிட்டது சொந்த அக்கா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்க அதட்டி அதட்டி வீட்டிலும் அதே குரல்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"என் பொண்ணும் தத்துவம்தான் படிப்பாளாம். எப்படியாவது அவ மனசைக் கலைச்சிடுடா."

"படிக்கட்டுமேக்கா. கடன் வாங்கினா போச்சு."

"யார் கையெழுத்துல? உன் கடனுக்கு ஜாமீன் போட்டவ நான். அது முடியிற வரைக்கும் எனக்கு இன்னொரு கடன் கிடையாதுன்னு பேங்க்ல கையை விரிச்சுட்டாங்க. அப்பாவும் இல்லாத பொண்ணு, வேற யார் போடுவா?" குரலைத் தாழ்த்தினாள். "அது தெரியாம, நான் கையெழுத்துப் போடறேன், உன் இஷ்டம்னு அவகிட்ட சொல்லித் தொலைச்சுட்டேன். உன்னாலதான் முடியலன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் உன் முகத்துல முழிக்க மாட்டா. அவளா வேண்டாம்னு சொல்லணும். எங்க ஆஸ்பத்திரியில பில் போடச் சேர்ந்தா அவங்க செலவுலயே கணக்குப் படிக்க வைப்பாங்க."

வழக்கமாக அவன் எச்சரிப்பது கோழிக்காக. இன்றைக்கு ஒரு பெண்ணின் படிப்பை அவன் கடனே வழிமறித்துக்கொண்டு நிற்கிறது.

சாப்பாட்டு மேஜையில் ஒன்று விடாமல் எடுத்துவிட்டான். "நாலு வருஷம் படிச்சேன்மா. கடைசியில நான்னு ஒருத்தன் இருக்கேனா இல்லையான்னே சந்தேகம் வந்துடுச்சு. பேங்க்காரனுக்கு மட்டும் அந்தச் சந்தேகம் வரவே இல்ல. மாசா மாசம் கரெக்டா கண்டுபிடிச்சுடறான்!"

அக்கா மகள் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். "மாமா, இதுவரைக்கும் நீங்க எச்சரிச்சதுல யார் திருந்தினாங்க? பெரியம்மா பையன் வரலாறு. சித்தி பொண்ணு இலக்கியம். ஒருத்தன்தான் தப்பிச்சு இன்ஜினியரிங் போனான். அவனும் நீங்க பேசும்போது தூங்கிட்டானாம். உங்களை மாதிரிப் பேசணும்னுதான் எல்லாரும் போய்ச் சேர்றாங்க."

அட கடவுளே! இந்தக் கணக்கை அவன் போட்டதே இல்லை. பயமுறுத்த ஆள் தேடிய குடும்பம், இருக்கிறவர்களிலேயே பெரிய வாயாடியைப் பிடித்து, கோழியும் வறுத்துப் போட்டிருக்கிறது. அக்கா கரண்டியை டங்கென்று பாத்திரத்தில் போட்டாள்.

"விளையாடாம ஒண்ணு சொல்லுங்க மாமா," என்றாள் அந்தப் பெண். "படிச்சதையெல்லாம் திருப்பிக் குடுத்துடு, கடனைத் தள்ளுபடி பண்றோம்னு பேங்க்ல சொன்னா, குடுப்பீங்களா?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாட்டேன்" என்கிற வார்த்தை அவன் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினான். மெக்கானிக் கிளம்பியே இருக்க மாட்டான், "பக்கத்துல வந்துட்டார் சார்" என்று லிஃப்டில் மாட்டியவர்களிடம் கூசாமல் சொல்வானே, அந்தக் குரலை எடுத்தான்.

"நாளைக்கே குடுத்துடுவேன்மா. பஸ்ஸுக்குக் காசு செலவு பண்ணிக் கொண்டு போய்க் குடுப்பேன். அதுல ஒண்ணுமே இல்ல. வெறும் வாய்."

அவள் முகம் தொங்கிப் போயிற்று. தட்டை எடுத்துப் போய்த் தொட்டியில் போட்டாள். "சரிம்மா, நான் பில்லே போடறேன்," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் எச்சரிக்கை முதல் தடவையாகப் பலித்துவிட்டது. வாயில் போட்ட கோழி இறங்கவில்லை.

"ஆச்சுக்கா. நீ கேட்ட மாதிரியே."

அக்கா அசையவில்லை. "நிஜமாவாடா?"

"எது?"

"குடுத்துடுவியா?"

"நீதானே மனசைக் கலைக்கச் சொன்னே?"

"சொன்னா? அதுக்காக இப்படியா சொல்லுவே?" அவள் குரல் உடைந்தது. "அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டப்போ எத்தனை பேர் சிரிச்சாங்க தெரியுமா? என் தம்பி படிக்கிறான்னு பெருமையா போட்டேன்டா. வெறும் வாயாம்!"

அவமானத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் மகளின் கதவைத் தட்டினாள்.

"கதவைத் திறடி. உன் மாமா பொய் சொல்லிட்டான்."

அக்கா மறுபடியும் தட்டினாள்.

"நானும்தான் உன்கிட்ட கையெழுத்து விஷயத்தை மறைச்சிருக்கேன். வெளிய வா."

அவன் எழுந்து, அந்தப் பெண் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தனக்கு நேர் எதிரில் இழுத்துப் போட்டான்.