கையெழுத்து உள்ள பக்கம்

அப்பா தட்டச்சு செய்து கொண்டுவந்த தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க உப்பு ஜாடியைத் தூக்கி அதன்மேல் வைத்தார். பேனா மூடியைக்கூட அவரே கழற்றிக் கொடுத்தார். பெண்ணுக்கு அவர் இவ்வளவு பணிவிடை செய்து யாரும் பார்த்ததில்லை.

"கீழ கையெழுத்து மட்டும் போடும்மா. மத்ததெல்லாம் நானே எழுதிட்டேன்."

'சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று இருந்தது. அந்தச் சொந்தக் காரணம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தது.

வீட்டில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர், தம்பிக்குத் துரை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் நான்கு வருஷமாக வேலை பார்க்கிறாள். எட்டு மாதத்துக்கு முன் மேலாளர் அம்மாளிடம் கெஞ்சிக் கூத்தாடித் துரையை அங்கே சேர்த்துவிட்டவளும் அவள்தான். இப்போது எங்கே பார்த்தாலும் ஆள் குறைப்பு. நேற்று மேலாளர் இருவரையும் கூப்பிட்டு, "ஒரே வீட்டுல ரெண்டு பேர். ஒருத்தரைத்தான் வெச்சுக்க முடியும். யார் விலகறதுன்னு நீங்களே பேசி எழுதிக் கொடுத்துடுங்க" என்று சொல்லியிருந்தார்.

வீட்டில் பேச்சே நடக்கவில்லை. "இவ எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போறவ. அவனுக்கு வேலை இல்லேன்னா யார் பொண்ணு குடுப்பாங்க?" என்று அம்மா அடுப்படியிலிருந்தே முடித்துவிட்டாள். நான்கு வருஷ அனுபவம், அவனுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது எதுவும் யார் நினைவுக்கும் வரவில்லை.

அவளுக்கு வயிறு எரிந்தது. இன்று நேற்று மூண்ட எரிச்சல் அல்ல அது. ஜன்னல் வைத்த அறை அவனுக்கு, துணி காயப்போடும் கொடிக்குக் கீழே கட்டில் இவளுக்கு. அவன் பரீட்சையில் தோற்றால் கேள்வித்தாள் கஷ்டம். இவள் முதலாவதாக வந்தால், "சரி, போய்ப் பாத்திரத்தைக் கழுவு." இருபத்தாறு வயதில் தம்பியைப் பார்த்துப் பொறாமைப்படுவது வெட்கக்கேடு என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவன் சிரிக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ கருகியது.

ஆனால் இன்று அவள் வெறுங்கையோடு வரவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு சிறு சீட்டை எடுத்து விலகல் கடிதத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"என்னது இது?" என்றார் அப்பா.

"துரையைக் கேளுங்க."

பரிசோதனைக் கூடத்தில் காலையில் முதல் வேலை கண்ட்ரோல் ஓட்டுவது. எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று முன்பே தெரிந்த ஒரு திரவத்தை இயந்திரத்தில் வைத்து, அது சரியான எண்ணைச் சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் நோயாளிகளின் ரத்தத்தை வைக்க வேண்டும். இன்று காலை துரை தாமதமாக வந்து, கண்ட்ரோல் ஓட்டாமல், நேற்றைய எண்ணையே பதிவேட்டில் எழுதிவிட்டு நோயாளிகளின் ரத்தத்தை இயந்திரத்தில் வைத்தான். அவள் பார்த்தாள். மதியம் அவன் சாப்பிடப் போனதும் அவளே கண்ட்ரோலை ஓட்டினாள். நூறு காட்ட வேண்டிய இயந்திரம் நூற்று நாற்பது காட்டியது. அந்தச் சீட்டைத்தான் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

துரையின் முகம் வெளுத்தது. அவளுக்கு எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நெஞ்சு குளிர்ந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தாள்.

"அக்கா, நான் ஓட்டாததைக் காலையிலயே பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்பவே ஏன் சொல்லலே?"

அவன் வசமாக மாட்ட வேண்டும் என்று காத்திருந்தாள், அவ்வளவுதான். காத்திருந்த நேரத்தில் பதினோரு பேர், இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும் முடிவுகளை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதைப் பார்த்து யாராவது மாத்திரையைக் கூட்டிப் போட்டால் மயங்கி விழுவார்கள். மதியம் சீட்டை மடித்தபோது அந்தப் பதினோரு பேரில் ஒருவர் முகம்கூட அவள் நினைவில் வரவில்லை. நெஞ்சின் குளிர்ச்சி போய்விட்டது.

"மணி ஆறரைதான் ஆகுது. போய் எல்லாருக்கும் ஃபோன் பண்ணணும். மேலாளருக்கும் எழுதிக் கொடுக்கணும்" என்று எழுந்தாள்.

"எழுதிக் கொடுத்தா அவன் வேலை போயிடும்டி! கூடப் பொறந்தவன் மேல இவ்வளவு பொறாமையா உனக்கு?" என்றாள் அம்மா.

"பொறாமைதாம்மா. இல்லேன்னு யார் சொன்னா? அதனாலதான் காலையில வாயை மூடிட்டு இருந்தேன். இப்பவும் மூடிட்டு இருக்கச் சொல்றியா?"

அப்பா தொண்டையைச் செருமினார். குரலில் தேன் வழிந்தது.

"கோவப்படாதம்மா. எப்படியும் நீ விலகப் போறவ. தப்பையும் உன் பேர்லயே எழுதிட்டா விஷயம் முடிஞ்சுது. உனக்கு என்ன நஷ்டம்?"

அவள் அப்பாவையே பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நல்ல யோசனை சொன்ன திருப்தியோடு உட்கார்ந்திருந்தார். துரை தலையைத் தூக்கவேயில்லை.

உப்பு ஜாடியை நகர்த்தித் தாளை எடுத்தாள். அதைத் திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் எழுதினாள். சீட்டின் பின்னால் குறித்துவைத்திருந்த பதினோரு மாதிரிகளின் எண்கள். கண்ட்ரோல் ஓட்டாமல் பதிவேட்டில் எழுதியவன் என் தம்பி. பார்த்தும் தடுக்காமல், தெரிந்தும் முடிவுகளை நிறுத்தாமல் இருந்தவள் நான். கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அது விலகல் கடிதம்மா!" என்று பதறினார் அப்பா.

"வீட்டுல வேற தாள் இல்லப்பா."

வாசலில் செருப்பை மாட்டும்போது துரை வண்டிச் சாவியோடு வந்து நின்றான். "ஏறுக்கா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். அந்த வண்டியும் அவனுக்கென்று வாங்கியதுதான். அதையும் நினைத்துக்கொண்டேதான் ஏறி உட்கார்ந்தாள்.

பரிசோதனைக் கூடத்தில் இருவரும் ஆளுக்கொரு தொலைபேசியில் பேசினார்கள். "ரிப்போர்ட் தப்புங்க, மாத்திரையைக் கூட்டிடாதீங்க, நாளைக்கு மறுபடி பார்க்கறோம்." ஏழாவதாகப் பேசிய பெண்மணி, ஒன்றுக்குப் பதில் ஒன்றரை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைத் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். துரை தொலைபேசியை வைத்தான். பிறகு அவள் பக்கமிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்து, அவள் பெயருக்குக் கீழே தானும் கையெழுத்துப் போட்டான்.

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை முன்னும் பின்னும் புரட்டினார்.

"ஒரு பக்கம் நீ வேலையை விடறேங்கறே. மறுபக்கம் இப்படி. நான் எந்தப் பக்கத்தைம்மா எடுத்துக்கறது?"

"கையெழுத்து இருக்கற பக்கத்தை எடுத்துக்கங்க மேடம். அனுப்பறதா இருந்தா நீங்க அனுப்புங்க. நானா போறதா இல்லை."