எண்ணெய்க் கறை

பெயின்டர் குடியிருந்த தெருவில் கார் திருட்டு அதிகம். அதனால் அவருடைய பழைய காரின் காப்பீட்டுக்கு ஒரு கம்பெனி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கேட்டது, இன்னொன்று அதற்கும் மேலே போனது. பாலத்துக்கு அந்தப் பக்கம், அக்கா இருக்கும் தெருவில், அதே காருக்குப் பாதிதான். மனுஷன் கார் நிற்கும் இடம் என்று அக்கா வீட்டு முகவரியையே எழுதிக் கொடுத்துவிட்டார்.

போன வாரம் கார் களவு போனது, மேலே கட்டியிருந்த ஏணியோடு. அன்றிலிருந்து வேலை இல்லை.

இன்று விசாரிக்க வந்த கம்பெனிக்காரர் அக்கா வீட்டு வாசலில் குனிந்து தரையைப் பார்த்தார்.

"தினமும் இங்கதான் நிறுத்துவாராம்மா?"

"ஆமா சார், தம்பி எங்கூடத்தான் இருக்கான்."

"பதினெட்டு வருஷ வண்டி. ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கீழே விழலையே?"

பெயின்டர் முந்திக்கொண்டார். "அக்கா தினமும் கழுவி விட்டுடும் சார்."

"எண்ணெய்க் கறை கழுவினாப் போயிடுமா? நீங்க பெயின்டராச்சே, உங்களுக்குத் தெரியாததா?"

கம்பெனிக்காரர் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"என்னையும் பொய் சொல்ல வச்சுட்டியேடா, பாவி" என்றாள் அக்கா.

பெயின்டர் பாலத்தைக் கடந்து நடந்தே தன் வீடு வந்தார். வாசலில் கார் நின்ற இடத்தில் தட்டு அகலத்துக்குக் கன்னங்கரேலென்று எண்ணெய் படிந்திருந்தது. அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.