ஞாயிறு காலை டூட்டி

1

இந்தக் கதையை நான் திருடினேன். மண்ணூர்பேட்டை பஸ் நிறுத்தத்தில் ஒரு நர்ஸ் போனில் சொன்னாள்: "முன்னெல்லாம் மேடத்தத் திட்டினு இருந்தோம். இப்ப திட்டக்கூட ஆளில்லடீ." பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். மீதியை நான்தான் கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: 'விடியலின் பொன்னொளி மருத்துவமனைச் சன்னலில்...' வேண்டாம். அம்பத்தூரில் விடியலைப் பார்க்க யாருக்கு நேரம்?

சகாயமேரி பிரசவ வார்டு நர்ஸ். அங்கே சூப்பிரண்டு ராஜகுமாரி மேடம் டூட்டி போட்டால் தலையெழுத்து மாதிரி, அழிக்க முடியாது. "எங்க டூட்டிய நாங்களே போட்டுக்கிறோம் மேடம்" என்று துணிந்து கேட்டவள் சகாயமேரிதான். காரணம், ஒரு ஞாயிறு காலை வரும் மகள் ஷாரனின் புதுநன்மை.*

மேடம் ஒத்துக்கொண்டார். "டூட்டித் தாள்ல ஒரு கட்டம் காலியா இருந்தாலும் பழையபடி நானே போட்டுருவேன்."

(*கிறிஸ்தவப் பிள்ளை கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். வெள்ளை கவுன், கையில் மெழுகுத்திரி. ஒரு முறைதான் வரும்.)

3

ஒரே ஒரு கட்டம்தான் காலி. அதே ஞாயிறு காலை.

அன்று முகூர்த்த நாள். நல்ல நேரம் பார்த்து சிசேரியன் கேட்ட குடும்பங்கள் வரிசையில் நின்றன. ஒரு நர்ஸ் போதாது, இரண்டு பேர் வேண்டும். எழிலரசி தன் பெயரைப் போட்டுவிட்டாள். மற்றவர்களுக்கு முந்தின இரவு டூட்டி. மிஞ்சியது சகாயமேரியும் ரேவதியும்.

தீபாவளிக்கு சகாயமேரி வருவாள், கிறிஸ்துமஸுக்கு ரேவதி வருவாள். இது அந்த வார்டின் வழக்கம், யாரும் சொல்லி வந்ததல்ல. புதுநன்மைக்கு அந்த வழக்கத்தில் இடமில்லை. ரேவதியின் தம்பிக்கு அன்றுதான் பாரிவாக்கத்தில் நிச்சயதார்த்தம்.

"நான் இன்னா பண்ணுவேன் மேரிக்கா? அம்மாவும் இல்ல. தட்டு மாத்த நான் ஒருத்திதான் கீறேன்."

"உன்ன நான் கேக்கலியே ரேவதி."

"கேளுக்கா! கேட்டா சண்டையாவது போடலாம்."

(ரேவதியைக் கொஞ்சம் கெட்டவளாக்கியிருந்தால் எனக்குச் சுலபம். முயன்று பார்த்தேன். மசியவில்லை.)

4

முடிவு ஒன்று: ரேவதி தன் பெயரை எழுதுகிறாள். கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (தாயில்லாத பையனின் தட்டை யார் ஏந்துவது?)

முடிவு இரண்டு: சகாயமேரி எழுதுகிறாள். கோயிலில் ஷாரன் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்து...

இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவு மூன்று: காலியாகவே விட்டுவிடுகிறார்கள். மேடம் பேனாவைத் திறக்கிறார். அவரும் இந்த இருவரில் ஒருத்தியைத்தான் போட்டாக வேண்டும். கேட்டு வாங்கிய உரிமையும் அன்றோடு போச்சு.

5

மூன்றையும் கிழித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நானும் மேடம் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எங்கே நிற்க வேண்டும் என்று, அவர்களைக் கேட்காமலே முடிவு செய்துகொண்டு. வருஷக்கணக்காக வார்டின் திட்டையெல்லாம் ஒற்றை ஆளாக வாங்கிக்கொண்ட ராஜகுமாரி மேடத்தை நினைத்தால் இப்போது பாவமாக இருக்கிறது.

சுவரில் தாள் தொங்குகிறது. சகாயமேரி பேனாவை நீட்டுகிறாள். ரேவதி வாங்கவில்லை. நானும் வாங்கப் போவதில்லை.

ஞாயிறு காலை: எழிலரசி, .....................

நீங்கள் எழுதுங்கள். இரண்டு பேரும் இங்கேதான் நிற்கிறார்கள். யார் பெயரை எழுதினாலும், அவள் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள்.