தலைகீழாய்ப் போன தோட்டம்

முப்பது வருடம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற ஹெஸ்டர் டீச்சர், அதன் பிறகு பதினோரு வருடமாக ஹாஸ்டன் மாளிகையின் தோட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மாளிகையை உலகப் போருக்குப் பிறகு இடித்துச் செங்கல் செங்கலாக விற்றுவிட்டார்கள். தோட்டம் மண்ணோடு மண். மிஞ்சியது ஒரே ஒரு பழைய வரைபடம். அதன்படி, சாலைக்கு வடக்கே ரெஜ் லார்வுட்டின் மாட்டு வயல்தான் தோட்டம் என்பது டீச்சரின் தீர்ப்பு.

அந்த வயலை எண்பது வீடு கட்டுவதற்கு ரெஜ் விற்கப்போகிறான். டீச்சரின் ஜன்னலுக்கு நேர் எதிரே எண்பது வீடா? நாளைக் கவுன்சில் கூட்டத்தில் தோட்டத்தை நிரூபித்துவிட்டால் ஒரு செங்கல் ஏறாது.

சின்னச் சிக்கல் ஒன்றுண்டு. வரைபடத்தில் சர்ச் சாலையின் இடக்கோடியில், ஊரில் வலக்கோடியில். டீச்சர் அசருவாரா? சர்ச் கட்டடத்தையே பெயர்த்துக் கொண்டுபோய் மறுகோடியில் கட்டினார்கள் என்று பதினான்கு பக்கம் எழுதி, சரித்திரச் சங்கத்தில் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

அன்று மாலை ரெஜ் சமாதானம் பேச வந்தான். மேசையில் வரைபடம் விரிந்திருந்தது. எதிரே உட்கார்ந்து டீயில் பிஸ்கட்டை நனைத்தவன் எட்டிப் பார்த்தான்.

“சர்ச் சரியான எடத்துலதானே இருக்கு டீச்சர்?”

“நீ தலைகீழா பாக்குற ரெஜ்.”

“அந்தக் காலத்துல சிலபேரு தெக்கை மேல வெச்சு வரைவாங்கன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? பரீட்சைல அதை எழுதாததுக்குத்தானே என்னை ஃபெயிலாக்குனீங்க?”

டீச்சர் வரைபடத்தை மெல்லத் திருப்பினார். சர்ச் தன் இடத்துக்கு வந்தது. தோட்டம் சாலையைத் தாண்டித் தெற்கே வந்து, நீரூற்றோடு அவர் வீட்டின் மேலேயே உட்கார்ந்தது.

கொல்லையில் எந்த ரோஜாச் செடியும் பிழைக்காத ஓர் ஈரப் பாத்தி உண்டு. இருவரும் மண்வெட்டியோடு ஓடினார்கள். இரண்டடியில் டங்கென்று சத்தம். நீரூற்றுத் தொட்டியின் வளைந்த கல் விளிம்பு தெரிந்தது. டீச்சர் சேற்றிலேயே மண்டியிட்டு அதைத் தடவிக்கொண்டு அழுதார். வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இவ்வளவு வெட்கப்பட்டதும் இல்லை.

“கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க,” என்றான் ரெஜ். “நாளைக்குக் கூட்டத்துக்கு வருவீங்கல்ல?”

“வராம? உன் வயலை நீ வித்துக்கோ.” டீச்சர் மூக்கை உறிஞ்சினார். “ஆனா இந்தத் தோட்டத்து மேல என் வீட்டைக் கட்ட விட்டது எந்த முட்டாள்னு கேக்காம விடமாட்டேன்.”