ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம்

பனி விழும் அந்நிய நகரத்தின் வில்லரே பகுதியில் இருந்த அந்தப் பழைய கல் கட்டடத்தில் கணவனும் மனைவியுமாகப் படுத்தவர்கள், விடியும்போது முற்றத்துக்கு இருபுறமும் பிரிந்தே கண்விழித்தார்கள். ஆண் கிழக்குப் பக்கத்தில், பெண் மேற்கில். கதவுகள் பூட்டியபடியே இருக்கும். கட்டடம் முதலில் ஏழைகளின் வேலைவிடுதியாக இருந்தது. பசியோடு வந்த குடும்பங்களை வாசலிலேயே பிரித்து, ஆண்களை விறகு பிளக்கவும் பெண்களைத் துணி தைக்கவும் விட்டு, சூப்பும் படுக்கையும் கொடுத்தார்கள். பிறகு அது சப்பாத்துத் தொழிற்சாலையானது, போர்க்காலத்தில் கம்பளிக் கிடங்கானது, கடைசியில் மலிவு வாடகை வீடுகளானது. பழைய வழக்கத்தை மட்டும் அது விடவில்லை.

நகுலேஸ்வரன் 1990இல் கிழக்குப் பக்கத்து அறையொன்றில் குடிவந்தபோது, கட்டடத்தைப் பராமரித்த றோசா இதையும் வெந்நீர்க் குழாயின் கோளாறையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மனைவியை ஊரில் விட்டுத் தனியே வந்திருந்த அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அகதி வழக்கு முடிந்து, மனைவியைக் கூப்பிடும் ஸ்பொன்சர் சரிவர ஆறு குளிர்காலம் போயிற்று. உணவகமொன்றில் கோப்பை கழுவினான். ஞாயிறுகளில் மெட்ரோவில் கடைசி நிலையம்வரை போய், யாரோடும் ஒரு சொல் கதைக்காமல் திரும்பினான்.

1996இல் மனைவி நிரோஜா வந்து சேர்ந்தாள். முதல் காலை மேற்குப் பக்கத்து வெற்றறையொன்றில், போர்த்திய போர்வையோடு எழும்பினாள். அவன் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

“இவ்வளவு தூரம் வந்தும் தனியத்தானோ?” என்று அவள் அழுதாள்.

அந்த மாதமே பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் வேறு வீடு எடுத்தார்கள். அங்கே ஒரே கட்டிலில் படுத்து, ஒரே கட்டிலில் எழும்பினார்கள். ஆனால் ஆறு வருசமாக அவன் மனதில் வைத்திருந்த நிரோஜா இவளில்லை, அவள் காத்திருந்தவனும் இவனில்லை. தேத்தண்ணி குடித்தார்கள், வேலைக்குப் போனார்கள், ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தார்கள். பனி கரையத் தொடங்கிய ஒருநாள், சோறு போட்டபடி அவள் சொன்னாள்:

“அங்கயெண்டால் விடிய என்னைத் தேடியெண்டாலும் வருவியள்.”

அவன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். “திரும்பிப் போவமே?”

“ஓம்.”

றோசா கிழக்குப் பக்கத்து அறையொன்றின் சாவியைக் கொடுத்தாள். மறுநாள் காலை அவன் முகம் கழுவி, தலை சீவி, முற்றத்து ஈரத்தைக் கடந்து மேற்குப் பக்கம் போனான். எந்த அறை என்று தெரியாமல் நடந்து, ஒரு கதவைத் தட்டினான்.

“ஆரது?” என்று உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

முதல்முறை அறிமுகமாகும் ஆளைப்போல அவன் தன் முழுப் பெயரையும் சொன்னான்.