ஏழாம் நம்பர் மோதிரம்

கடைசிக் குஞ்சுக்கும் இறகு முளைத்துவிட்டது. பச்சை. முதல் தடவை பொரித்த ஐந்தும் பச்சை, இந்தத் தடவை ஆறும் பச்சை.

படிப்பைப் பாதியில் விட்டவன் நான். கிடங்கில் இரவு வேலை, பகலில் தூக்கம், எழுந்தால் பால்கனியில் லவ்பேர்ட்ஸ். கல்லூரியிலிருந்து கொண்டுவந்தது மரபியல் பாடத்தில் போட்ட அந்த நான்கு கட்டம் மட்டும்தான். குஞ்சுக்கு அப்பாவிடமிருந்து ஒரு நிறக்கூறு, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டில் ஒன்று பச்சையானாலே குஞ்சு பச்சை. நீலம் உள்ளே ஒளிந்துகொள்ளும். இரண்டும் நீலமானால்தான் நீலம்.

ஏழாம் நம்பர் ஆண், பார்க்கப் பச்சை. அவனுடைய தாய் நீலம். நான் கையால் ஊட்டி வளர்த்தவள், செத்துப்போனாள். அவளுடைய நீலம் அவன் ஒருவனிடம்தான் மிச்சம் இருந்தது. அதை வெளியே கொண்டுவரத்தான் ஒரு நீலப் பெண்ணோடு ஜோடி சேர்த்தேன். கட்டத்தின்படி பாதிக்குப் பாதி நீலம் வரவேண்டும்.

பதினொன்றும் பச்சையாக வருவது இரண்டாயிரத்தில் ஒரு தரம் நடக்கும். என் ராசிக்கு அதுவும் நடக்கலாம். இருந்தாலும் அவனைப் பிடித்துக் காலைப் பார்த்தேன். ஏழு என்று எழுதிய பிளாஸ்டிக் மோதிரம். அதன் வெட்டு வாய் விரிந்து வெளுத்திருந்தது, யாரோ பிரித்து மறுபடி மாட்டியதுபோல.

அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நிச்சயதார்த்தம்.

“அண்ணே, ஏழாம் நம்பர் எங்க?”

“கூண்டுல. கண்ணு அவிஞ்சுபோச்சா?”

“அது வேற பறவை.”

“எவன் சொன்னான்?”

“பதினோரு குஞ்சு சொல்லுது.”

அவன் காலரையே தேய்த்துக்கொண்டிருந்தான். “உன் அண்ணியோட தங்கச்சி ஆசைப்பட்டுக் கேட்டுச்சுடா. நீ தூங்கிட்டிருந்த. கடையில அச்சு அசலா ஒண்ணு வாங்கி வெச்சேன். பச்சைக்குப் பச்சை. என்ன குறைஞ்சுபோச்சு?”

“அதைத் திருப்பி வாங்கிட்டு வா.”

“போன மாசம் பூனை புடிச்சிருச்சுடா.”

ஐந்து மாதம். தினமும் காலையில் டீயோடு வந்து, “இந்தத் தடவையாவது நீலம் வருமாடா?” என்று கேட்டவன். நான் நோட்டைப் பிரித்துக் கட்டம் கட்டமாக விளக்குவேன். தலையாட்டிக்கொண்டே கேட்பான்.

பறவையின் காலிலிருந்து மோதிரத்தை நறுக்கி எடுத்துவந்து அவன் காலர்மேல் வைத்தேன். “ஞாயித்துக்கிழமை இதையும் மாத்திக்க. மோதிரம் மாத்துறதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே.”

அவன் சிரிக்கப் பார்த்தான். நான் பால்கனிக்குப் போனேன்.

பதினொன்றுக்குள்ளும் நீலம் ஒளிந்திருக்கிறது. எல்லாம் இந்தப் பெண் கொடுத்தது. செத்துப்போனவளுடையது ஒன்றுகூட இல்லை.